ஆடத் தகுந்த டாங்கோ இசைக்குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாங்கோ நடனம் ஆடுபவர்களும், நடன இரவுகளை ஏற்பாடு செய்பவர்களும், ஆடுபவர்களுக்காக வாசிக்க விரும்பும் இசைக்கலைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் அனைத்தும் இந்த இசை பிறந்து வளர்ந்த, அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரத்தைச் சார்ந்தவை.

பழைய ஒலிப்பதிவுகள் அவ்வளவு சிறப்பாக இருக்கும்போது நேரடி இசைக்குழு எதற்கு?

மிலோங்கா எனப்படும் டாங்கோ நடனக் கூடங்களில் பெரும்பாலான இரவுகளில் இன்றும் ஒலிப்பது, ஏறத்தாழ 1935 முதல் 1955 வரையிலான இருபது ஆண்டுகளில் பதிவு செய்யப்பட்ட இசைதான். ஹுவான் தாரியென்சோ, கார்லோஸ் தி சார்லி, அனிபல் த்ரொய்லோ, ஒஸ்வால்தோ புக்லியேசே ஆகிய நால்வரின் குழுக்களை மட்டும் கொண்டே ஓர் இரவு முழுவதையும் நடத்திவிடலாம். அந்தப் பதிவுகள் காலைத் தானாக நகர்த்துவதற்குக் காரணம் உண்டு. அவற்றை வாசித்தவர்கள் கபரே எனப்படும் இரவு விடுதிகளிலும், பேட்டைக் கழகங்களிலும், கார்னிவல் கால நடனங்களிலும் ஆடுபவர்களின் எதிரில் வாசித்தே பிழைத்தவர்கள். எந்த இடத்தில் கூட்டம் எழுந்து வந்தது, எந்தப் பாட்டில் ஆடுதளம் வெறிச்சோடியது என்பதை இரவுதோறும் கண்ணால் பார்த்து, அதற்கேற்ப வாசிப்பைத் திருத்திக்கொண்டார்கள். அப்படித் திருத்தப்பட்ட இசைதான் பதிவுக்கூடத்திற்குச் சென்றது.

நேரடி இசைக்குழுவின் தனிப்பெரும் வாய்ப்பும் இதுவே. ஒலித்தட்டுக்குக் கண் இல்லை, குழுவுக்கு உண்டு. அந்தக் கண்ணைத் தாளில் உள்ள இசைக்குறிப்பைவிட்டு எடுக்காத குழுவைக் காட்டிலும் நல்ல ஒலித்தட்டே மேல் என்பது என் கருத்து.

ஓர் இசை ஆடத் தகுந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

மேடைக் காட்சிகளில் காணும் கால் வீச்சுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், டாங்கோ அடிப்படையில் நடைதான். இருவர் அணைத்தபடி, முன்னும் பின்னும் வேறு இணைகள் நெருங்கி வர, கூடத்தை இடஞ்சுழியாகச் சுற்றி நடக்கிறார்கள். நடப்பவர் பாதத்தை ஊன்றுவதற்கு முன்பே உடலின் எடையை நகர்த்தத் தொடங்கிவிடுகிறார். அந்த நகர்வை மார்பின் வழியே உணர்ந்து, துணைவர் தம் காலைப் பின்னுக்கு எடுக்கிறார். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் பாதம் தரையில் பதிகிறது. எனவே தாளத்தின் அடி விழுந்த பின் அதைக் கேட்டு ஆடுவது என்பது நடவாத காரியம். அடி விழப்போகும் இடம் அது விழுவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும். ஆடத் தகுந்த குழு எது என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: அடுத்த அடியை முன்கூட்டியே உணர்த்தும் குழு.

டாங்கோக் கலைஞர்கள் இதைச் செய்யும் வழிக்கு அர்ராஸ்த்ரே என்று பெயர். அடிக்குச் சற்று முன்பே தொடங்கி, இழுபட்டு வந்து, அடியின் மேல் கனமாக இறங்கும் ஓசை அது. டபுள் பேஸ் (சுருக்கமாகப் பேஸ்) என்ற பெரிய, கீழ்த்தொனி வில் வாத்தியத்தை வாசிப்பவரின் வில்லைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். அடி விழுவதற்கு முன்பே வில் கம்பியின் மேல் நகரத் தொடங்கியிருக்கும். இடது கை விரல் கீழ்ச்சுரத்திலிருந்து உரிய சுரத்திற்கு வழுக்கி ஏறும். அடி விழும் கணத்தில் வில்லின் அழுத்தம் உச்சத்தை எட்டி உடனே விடுபடும். அதே கணத்தில் பியானோக் கலைஞரின் இடது கை அடிக்கட்டைகளில் சில சுரங்களை விரைவாக உருட்டிக்கொண்டு வந்து இறங்கும். பந்தோனியோன் என்ற, துருத்தியும் பொத்தான்களும் கொண்ட கருவியை வாசிப்பவர் துருத்தியைத் தொடையின் மேல் விரித்தபடி காற்றின் விசையைக் கூட்டிக்கொண்டே வந்து வெட்டி நிறுத்துவார். இம்மூன்றும் ஒன்றாக விழுந்தால், ஆடுதளத்தில் உள்ளவர்கள் யோசிக்காமலே கால் வைப்பார்கள். இமைப்பொழுது பிசகினாலும் தாளம் சரியாக இருப்பது போலவே கேட்கும், ஆனால் நடை நொண்டும்.

அப்படியானால் மெட்ரோனோம் என்ற தாளம் காட்டும் கருவி போலச் சீராக வாசித்தால் போதுமா?

போதாது. காலப்பிரமாணம் நிலையாக இருப்பது அவசியம்தான். ஆனால் எல்லா அடியும் ஒரே கனத்தில் விழும் இசைக்கு ஆடினால் இரண்டாம் பாட்டிலேயே சலித்துவிடும். நான்கு அடிகள் கொண்ட ஒரு தாளச் சுற்றில் முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் அழுத்தம் தந்து நடையை உருவாக்குவது ஒரு முறை. நான்கையும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில், குறுக்கி வெட்டி வாசிப்பது இன்னொரு முறை. இரண்டுக்கும் மார்க்காத்தோ என்றே பெயர். இவற்றுக்கு நடுவே சிங்கோபா எனப்படும் தள்ளுதாளம் திடீரென வந்து நடையை ஒரு கணம் கலைத்து, மீண்டும் சீராக்கும். நல்ல குழு எட்டுச் சுற்றுகள் கொண்ட ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இவற்றை மாற்றி மாற்றிக் கையாளும்.

இன்னொன்றும் உண்டு. அடித்தாளம் அசையாமல் நிற்க, அதன் மேல் மெட்டு பின்தங்கியும் முந்தியும் செல்லலாம். வயலினோ பந்தோனியோனோ ஒரு வரியைத் தாமதமாகத் தொடங்கி, நடுவில் விரைந்து, வரி முடியும் இடத்தில் தாளத்தோடு சேர்ந்துகொள்ளும். எது அசையலாம், எது அசையக் கூடாது என்ற வேறுபாட்டை அறியாத குழுக்கள்தான் பெரும்பாலும் சறுக்குகின்றன: மெட்டு பின்தங்கும்போது பேஸும் பரிவோடு அதனுடன் பின்தங்கிவிடும். படிக்கட்டில் ஒரே ஒரு படியின் உயரம் மாறியிருந்தால் இறங்குபவருக்கு என்ன நேருமோ அதுவே ஆடுபவர்களுக்கும் நேரும்.

குழுவில் எந்த வாத்தியம் முக்கியமானது? தாள வாத்தியமே இல்லையே?

பந்தோனியோன்தான் டாங்கோவின் முகம் என்பதில் ஐயமில்லை. ஜெர்மனியில் உருவாகி அர்ஜென்டினாவுக்கு வந்து சேர்ந்த கருவி அது. சாக்சனியிலுள்ள கார்ல்ஸ்ஃபெல்டில் ஆல்ஃபிரெட் ஆர்னால்டு தொழிற்சாலை செய்த, 71 பொத்தான்கள் கொண்ட ‘டபுள் ஏ’ வகைக்கு இன்றும் மதிப்பு அதிகம். ஒரே பொத்தான் துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரத்தையும் மூடும்போது வேறொரு சுரத்தையும் தரும். கேட்பவரின் கண் இயல்பாக அங்கேதான் செல்லும்.

ஆனால் ஆடுபவரின் கால் கேட்பது பேஸையும் பியானோவின் இடது கையையும்தான். ஓர்க்கெஸ்தா திப்பிக்கா எனப்படும் மரபான பெருங்குழுவில் நான்கு பந்தோனியோன்களும் நான்கு வயலின்களும் இருக்கலாம். அவை அனைத்தையும் தாங்குவது இந்த இரண்டுமே. 1930களின் இறுதியிலும் 1940களின் தொடக்கத்திலும் த்ரொய்லோவின் குழுவில் பியானோ வாசித்த ஒர்லாந்தோ கோன்யியும் பேஸ் வாசித்த கிச்சோ தியாஸும் அமைத்த அடித்தளத்தைக் கேட்டால் இது விளங்கும். இருவரும் நடப்பது போலவே வாசிக்கிறார்கள். மேலே மற்றவர்கள் என்ன செய்தாலும் நடை குலைவதில்லை.

மரபான குழுவில் முரசு இல்லை. முரசின் வேலையைப் பிற வாத்தியங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. வயலினில் கம்பிகளைத் தாங்கும் குதிரைக்குப் பின்புறம் வில்லைத் தேய்த்துச் சிள்வண்டு போன்ற கரகரப்பை எழுப்புகிறார்கள். பேஸின் உடலைக் கையால் தட்டுகிறார்கள். பந்தோனியோனின் பெட்டியை விரலால் தட்டுகிறார்கள். ஒரு குழு முரசைச் சேர்த்துக்கொண்டால் பேஸ் வாசிப்பவர் சோம்பேறியாகிவிடுவார் என்று நான் அஞ்சுவதுண்டு. விதிவிலக்குகள் இருக்கலாம்.

வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்?

நடைக்கு உரிய அடிகள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 என்ற அளவை ஒட்டி அமைந்தால் பெரும்பாலானவர்களுக்கு வசதியாக இருக்கும். பிற்காலத் தி சார்லி அதைவிட நிதானமாகவும், தாரியென்சோ அதைவிட விரைவாகவும் செல்வார்கள். மேடையில் ஏறியதும் வரும் பரபரப்பில் குழுக்கள் ஒத்திகையைவிட வேகமாக வாசித்துவிடுவது வழக்கம். முதல் பாட்டைத் தொடங்கும் முன் ஆடுதளத்தில் நிற்பவர்களை ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடங்குவதே இதற்கு மருந்து.

தாரியென்சோவைத் ‘தாளத்தின் அரசர்’ என்று ஏன் அழைக்கிறார்கள்?

1935இல் ரொதோல்ஃபோ பியாஜி என்ற பியானோக் கலைஞர் தாரியென்சோவின் குழுவில் சேர்ந்தார். அதுவரை மெதுவாகவும் கேட்பதற்கேற்றதாகவும் மாறிக்கொண்டிருந்த டாங்கோவின் நடுவில் அந்தக் குழு துள்ளலான, வெட்டி வெட்டி விழும் தாளத்தைக் கொண்டுவந்தது; இளைஞர்கள் மீண்டும் நடனக் கூடங்களை நிறைத்தார்கள். பியாஜியின் பங்கு நுட்பமானது. குழு முழுவதும் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சுவிடும் இடைவெளியில், அவருடைய வலது கை மேற்கட்டைகளில் மூன்று நான்கு சுரங்களைப் பளிச்சென்று தெறிக்கவிடும். ஆடுபவருக்கு அது ஓர் அழைப்பு: கால் நுனியால் தரையைத் தட்டலாம், திரும்பலாம், அல்லது நின்றுவிடலாம். 1938இல் பியாஜி விலகித் தம் சொந்தக் குழுவைத் தொடங்கினார். தாரியென்சோவின் குழுவோ அதற்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் அந்தப் பட்டத்தோடே வாசித்தது.

இங்கே இன்றைய கலைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது வேகத்தை அன்று, அந்த இடைவெளியை. எல்லா இடத்தையும் சுரங்களால் நிரப்பிவிட்டால் ஆடுபவர் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. தி சார்லி இதையே நேர் எதிரான மனநிலையில் செய்தார். வயலின்கள் நீளமாக இழைய, அவருடைய பியானோ அடிக்கட்டைகளில் மணியோசை போன்ற ஒரு சிறு விடையை மட்டும் தந்துவிட்டு அமைதியாகும். அவர் தம் சொந்த ஊரின் பெயரால் இயற்றிய ‘பாஹியா பிளாங்கா’வைக் கேட்டால், அந்தச் சிறு விடைகள் இல்லாமல் அந்த நடை எவ்வளவு தட்டையாகப் போயிருக்கும் என்பது புரியும்.

புக்லியேசேயின் இசையில் வேகம் கூடிக் குறைகிறது. அதற்கு எப்படி ஆடுகிறார்கள்?

அங்கும் முன்னறிவிப்பு இருப்பதால்தான் ஆட முடிகிறது. 1946இல் பதிவான ‘லா யும்பா’வில் முதல் அடியும் மூன்றாம் அடியும் பெருமூச்சைப் போல இழுபட்டு வந்து இடியாக விழும், இடையிலுள்ள அடிகள் ஏறக்குறைய மறைந்துவிடும். வேகம் குறையப்போகிறது என்றால் அதற்கு முந்தைய வாக்கியத்திலேயே ஓசை மெலிந்து அறிகுறி காட்டும். பன்னிரண்டு பேர் ஒரே உடலாக வேகத்தைக் குறைத்து, ஒரே உடலாக மீண்டும் எடுப்பார்கள். அந்தக் குழு கூட்டுறவு முறையில் வருவாயைப் பங்கிட்டுக்கொண்டு, பெரும்பாலும் அதே கலைஞர்களோடு நெடுங்காலம் நீடித்த குழு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மூன்று ஒத்திகைகளில் கைவரும் வித்தை அன்று அது.

எனவே புதிதாகச் சேர்ந்த குழுக்கள் புக்லியேசேயின் பிற்கால ஏற்பாடுகளை, அதாவது வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதிய இசை வடிவங்களை, தொடாமல் இருப்பது நல்லது. தொட்டே தீர வேண்டுமென்றால், நன்கு ஆடத் தெரிந்தவர்கள் மட்டும் எஞ்சியிருக்கும் பின்னிரவில் வாசிக்கலாம்.

ஆஸ்தோர் பியாசொலாவை மிலோங்காவில் ஏன் வாசிப்பதில்லை?

பியாசொலாவின் மேன்மையைப் பற்றிய கேள்வியன்று இது. அவர் 1939 முதல் 1944 வரை த்ரொய்லோவின் குழுவில் பந்தோனியோன் வாசித்தவர், ஏற்பாடுகளும் எழுதியவர். அவர் எழுதிக் கொடுத்ததில் கணிசமான பகுதியைத் த்ரொய்லோ அழிப்பானால் நீக்கிவிடுவார் என்பது டாங்கோ உலகில் பலரும் சொல்லும் கதை. கதை எவ்வளவு தூரம் உண்மையாயினும், ஆடுதளத்தைக் கண்முன் வைத்திருந்த ஒரு குழுத்தலைவரின் கவலை அதில் தெரிகிறது. பின்னாளில் பியாசொலா உட்கார்ந்து கேட்பவர்களுக்காகவே எழுதினார். தாளம் முற்றிலும் கரைந்துபோகும் நீண்ட தனிவாசிப்புகளும், பல குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் பகுதிகளும் அதில் உண்டு. இணைகள் நிறைந்த கூடத்தில் அப்போது எல்லோரும் வெவ்வேறு இடங்களில் நிற்பார்கள், வெவ்வேறு நேரங்களில் நகர்வார்கள், இடித்துக்கொள்வார்கள்.

பாடகர் இருப்பது நல்லதா?

பாடகர் தம்மைக் குழுவின் ஒரு வாத்தியமாகக் கருதினால் மிகவும் நல்லது. த்ரொய்லோவுடன் ஃபியொரெந்தினோவும், ஆங்ஹெல் தகொஸ்தினோவுடன் ஆங்ஹெல் வர்காஸும் பாடிய பதிவுகளில், பாட்டு பாதி வழியில்தான் தொடங்குகிறது. குரல் எவ்வளவு நெகிழ்ந்தாலும் அடித்தாளம் அசைவதில்லை. கார்லோஸ் கார்தெலின் குரலைப் போற்றாத டாங்கோக்காரர் இல்லை. ஆயினும் அவருடைய பதிவுகளுக்கு மிலோங்காவில் ஆடும் வழக்கம் இல்லை, ஏனெனில் அங்கே தாளம் குரலுக்காகக் காத்திருக்கிறது. இன்றைய பாடகர்களில் சிலர் கடைசி வரியில் கையை விரித்து ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தூக்கிய காலோடு நாற்பது இணைகள் அது முடியக் காத்திருக்க நேரும்.

பெரிய குழுவை அமர்த்த வசதியில்லை. மூவர் அல்லது நால்வர் போதுமா?

போதும், அடித்தளம் இருந்தால். 1924இல் ஹூலியோ தெ காரோ நடத்திய குழுவில் ஆறு பேர்தான்: இரண்டு வயலின், இரண்டு பந்தோனியோன், ஒரு பியானோ, ஒரு பேஸ். பந்தோனியோன், பியானோ, பேஸ் ஆகிய மூன்றே கூட ஒரு கூடத்தை நடத்திவிடும். பந்தோனியோனும் வயலினும் மட்டும் என்றால் கேட்க இனிமையாக இருக்கும், ஆடுவது கடினம். கிதார் உள்ள குழுவில் அடிக்கம்பிகளை அழுத்தி வாசிப்பவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

பழைய குழுக்களின் பாணியை அப்படியே வாசிப்பவர்கள் சிறந்தவர்களா, புதிய பாணியை உருவாக்குபவர்களா?

1950களின் பிற்பகுதியிலிருந்து நடனக் கூடங்கள் சுருங்கின, பெருங்குழுக்கள் கலைந்தன, ஆடுபவர்களுக்கு வாசிக்கும் கலை கைமாறாமல் நின்றது. அர்ராஸ்த்ரேயை இசைக்குறிப்பில் ஒரு கோடாக எழுதலாம்; அதன் கனத்தை எழுத முடியாது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தே கற்க வேண்டும். இதை உணர்ந்துதான் 2000ஆம் ஆண்டில் புவெனஸ் ஐரிஸில் ஒரு டாங்கோப் பயிற்சிக் குழுவைத் தொடங்கினார்கள். புக்லியேசேயின் குழுவில் நீண்டகாலம் வயலின் வாசித்த எமிலியோ பல்கார்சே அதன் முதல் இயக்குநராக இருந்து, இளைஞர்களுக்கு ஒவ்வொரு பழைய குழுவின் பாணியையும் தனித்தனியாகப் பயிற்றுவித்தார். புக்லியேசேயிடம் பந்தோனியோன் வாசித்த ரொபெர்தோ அல்வாரெஸ் நடத்திய ‘கொலோர் டாங்கோ’, தாரியென்சோவின் பாணியைக் கையாளும் ‘லா ஹுவான் தாரியென்சோ’ போன்ற குழுக்கள் அந்த நேர்வழியில் வந்தவை.

ஆனால் அச்செடுத்தாற்போல் வாசிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒலித்தட்டில் கேட்டுப் பழகிய ஒவ்வொரு அசைவையும் எதிர்பார்த்து வரும் ஆடுபவர்கள், ஒரு சுரம் மாறினாலும் குறை காண்பார்கள். ‘செக்ஸ்தேத்தோ மிலோங்கேரோ’, ‘ரொமாந்திக்கா மிலோங்கேரா’ ஆகிய குழுக்கள் பழைய பாடல்களைத் தங்கள் சொந்த ஒலியில், ஆடுபவரை மனத்தில் வைத்தே வாசித்துப் பெயர் பெற்றவை. என் விருப்பம் இந்த இரண்டாம் வழியின் பக்கம்தான், இவர்களும் முதல் வழியில் நன்கு பழகியவர்கள் என்ற நிபந்தனையோடு.

மேடையையும் ஒலியையும் எப்படி அமைப்பது?

பெரும்பாலான சிக்கல்கள் பேஸில் தொடங்குகின்றன. ஒலிபெருக்கியில் பேஸை அளவுக்கு மீறி உயர்த்தினால் அடி உருண்டு குழம்பிவிடும். விழுந்த இடம் தெரியாது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. எனவே மேடையிலிருந்து 25 மீட்டர் தள்ளி ஆடும் இணைக்கு ஒவ்வோர் அடியும் சுமார் 70 மில்லி நொடி தாமதமாக வருகிறது. அது தனியாக வந்தால் தொல்லையில்லை. கூடத்தின் நடுவில் தாமதம் கணக்கிடாமல் மாட்டிய துணை ஒலிபெருக்கி முதலில் ஒலித்து, மேடையின் ஓசை அதன் பின்னால் வந்தால், ஒரே அடி இரண்டு முறை விழும். ஒலிச் சோதனையின்போது குழுவிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, கூடத்தின் கடைக்கோடி மூலையில் பத்து அடி நடந்து பார்த்தால் இது உடனே பிடிபடும்.

பாட்டுகளை ஒரே மனநிலையுள்ள மூன்று அல்லது நான்காகத் தொகுத்து, தாண்டா முறையில் வாசிப்பது ஆடுபவர்களுக்கு உதவும். இணைகள் ஒரு தாண்டா முழுவதும் சேர்ந்து ஆடி, பின்னர் பிரிந்து வேறு துணையைத் தேடுவதுதான் வழக்கம். குழு இடைவெளியில்லாமல் பத்துப் பாட்டு வாசித்தால் யார் எப்போது விலகுவது என்று தெரியாமல் சங்கடப்படுவார்கள். பாட்டுகளுக்கு இடையே நீண்ட பேச்சும் வேண்டாம்.

ஆடாமல் மேடைக்கு முன் நின்று கேட்பது மரியாதைக் குறைவா?

இல்லை. புக்லியேசே வாசிக்கும்போது மக்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடையை நெருங்கி நின்று, அவர் கொலோன் அரங்கிலேயே வாசிக்க வேண்டும் என்று முழங்கியதுண்டு. 1985இல் அந்த ஓபரா அரங்கில் அவர் வாசிக்கவும் செய்தார். சுற்றி நடப்பவர்களின் பாதையை மறைக்காமல் நின்றால் போதும்.

ஒரு குழுவை அமர்த்துவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

அவர்கள் அனுப்பும் மெருகூட்டிய காணொளியைப் பார்க்காதீர்கள். உண்மையான மிலோங்கா ஒன்றில் எடுத்த, வெட்டாத பதிவைக் கேளுங்கள். அதில் குழுவைப் பார்க்காமல் ஆடுபவர்களைப் பாருங்கள். வாக்கியங்கள் முடியும் இடங்களில் இணைகள் ஒரு கணம் ஓய்வதும், பாட்டின் இறுதியில் வழக்கமாக வரும் இரண்டு அடிகளில் எல்லோரும் சேர்ந்து நிற்பதும் தெரிந்தால் குழு நல்ல குழு. சிலர் முன்னதாகவே நின்று, சிலர் இன்னும் சுழன்றுகொண்டிருந்தால் வேறு குழுவைத் தேடுங்கள்.

டாங்கோவோடு வால்ஸும், மிலோங்கா என்ற பெயரிலேயே வழங்கும் துரித தாளமும் அவர்களிடம் எத்தனை உள்ளன என்றும் கேட்டுவிடுங்கள். வால்ஸில் முதல் அடியை ஊன்றி, மற்ற இரண்டையும் லேசாக விடத் தெரியாத பேஸ் கலைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அத்தகைய குழுவை நாற்பது நிமிடப் பகுதி ஒன்றுக்கு டாங்கோ மட்டும் வாசிக்க அமர்த்தி, வால்ஸையும் மிலோங்காவையும் ஒலித்தட்டு இயக்குபவரிடம் விட்டுவிடலாம்.